ஸ்கேட்டிங் மைதானம் யாருக்குச் சொந்தம்?

நம் சங்க இதழில் இலக்கியம் பற்றியும் ஆன்மிகம் பற்றியும் அழகாக எழுதும் பெரியவர்கள் பலர் இருக்கிறார்கள். டிப்ளமா படித்துவிட்டு, ஆயுளில் பெரும்பகுதியை ரயில்பாதையோடு கழித்த எனக்கு அந்த அளவுக்கு எழுத வராது. ஆனாலும் ஒரு விஷயத்தை வாசகர்கள் முன் வைக்க வேண்டும் என்று சில வாரங்களாக மனம் அரித்துக்கொண்டிருக்கிறது. எங்கள் பகுதிப் பூங்காவில் பிள்ளைகள் ஸ்கேட்டிங் விடும் சிமெண்ட் மைதானம் பற்றியது அது. இதில் முதல் தவறு செய்தவன் நான் என்பதால், நானே எழுதிவிடுவதுதான் முறை என்று நினைக்கிறேன்.

அந்தப் பூங்காவில் மாலை நேரம் நடக்கும் மூத்தவர்கள் நாங்கள் பன்னிரண்டு பேர். தமிழர், கன்னடியர், தெலுங்கர், ஒரு மலையாளி என்று எல்லாரும் உண்டு. நடைபாதை ஒரு திருப்பத்தில் ஸ்கேட்டிங் மைதானத்தை ஒட்டிப் போகும். மைதானத்தின் அந்த முனையில் இரண்டு சரிவு மேடைகள். பெரிய பையன்கள் ஸ்கேட்போர்டில் ஏறி இறங்குவது அங்கேதான். சில மாதங்களுக்கு முன் ஒரு பையன் சரிவிலிருந்து விழுந்தான். அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அவன் காலடியிலிருந்து நழுவிய பலகை துப்பாக்கிக் குண்டு போலப் பாய்ந்து வந்து, எங்கள் குழுவில் எழுபத்தொரு வயதான ஒருவரின் கணுக்காலில் அடித்தது. அவர் கையை ஊன்றி விழுந்தார். மணிக்கட்டு எலும்பு முறிந்து, ஆறு வாரம் மாவுக்கட்டு. பலகையை எடுத்துக்கொண்டு பையன் ஓடிவிட்டான்.

எங்களுக்குக் கோபம் வராதா? உடனே ஒரு மனு தயாராயிற்று. 2025 செப்டம்பரில் பெங்களூர் ஐந்து மாநகராட்சிகளாகப் பிரிந்ததால், மனுவை எந்த ஆணையருக்கு எழுதுவது என்பதிலேயே அரை மணி நேரம் போயிற்று. கடைசியில் எழுதியது இதுதான்: பூங்காவுக்குள் சக்கரம் வைத்த எந்த விளையாட்டுக்கும் அனுமதி தரக் கூடாது, ஸ்கேட்டிங் மைதானத்தை இடித்துவிட்டு அங்கே யோகா மேடை கட்ட வேண்டும். மூன்றாவது கையெழுத்து என்னுடையது.

வீட்டுக்கு வந்து பெருமையாகச் சொன்னேன். எட்டாம் வகுப்பு படிக்கும் என் பேரன், அந்த மைதானத்தில் இரண்டு ஆண்டுகளாக ஸ்கேட்டிங் கற்றுக்கொண்டிருப்பவன், சாப்பாட்டுத் தட்டிலிருந்து தலை நிமிர்ந்து பார்த்தான்.

"தாத்தா, நீங்களும் கையெழுத்துப் போட்டீங்களா?"

"ஆமாம்ப்பா. அந்தப் பெரியவர் கையைப் பார்த்தாய் அல்லவா?"

"பார்த்தேன். ஆனா எங்க கிட்ட யாருமே ஒரு வார்த்தை கேக்கலையே தாத்தா."

அவன் அதற்கு மேல் பேசவில்லை. எனக்கும் அன்று சரியாகத் தூக்கம் வரவில்லை.

ஒரு வார ஆய்வு

ரயில்வேயில் ஒரு பழக்கம் உண்டு. விபத்து நடந்தால் யாரையும் குற்றம் சொல்வதற்கு முன் இடத்தை அளக்க வேண்டும். மறுநாள் முதல் நோட்டுப் புத்தகத்தோடு போய் மைதானத்தின் ஓரத்து பெஞ்சில் உட்கார்ந்தேன். நடையால் அளந்தால் ஏறக்குறைய முப்பது மீட்டர் நீளம், பதினைந்து மீட்டர் அகலம். அந்த இடத்துக்குள் நான்கு விதமான பிள்ளைகள் இருந்தார்கள்.

முதலாவது, பயிற்சி வகுப்புப் பிள்ளைகள். நாலரை மணிக்கு மாஸ்டர் விசிலோடு வருவார். பிளாஸ்டிக் கூம்புகளை வரிசையாக வைத்துவிட்டால், ஏழு மணி வரை மைதானம் முழுவதும் வகுப்புக்குத்தான். இரண்டாவது, ஸ்கேட்போர்டு பையன்கள். கல்லூரிப் பிள்ளைகளும் உண்டு. மூன்றாவது, அம்மாவின் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டு முதல் அடி வைக்கும் சிறுசுகள். இவர்களை இரண்டு கூட்டமும் ஓரத்துக்குத் தள்ளிவிடும்.

நான்காவது விதத்தை நான்காம் நாள்தான் கவனித்தேன். எங்கள் தெருமுனையில் மரத்தடியில் இஸ்திரி போடும் தம்பி கிருஷ்ணகிரிப் பக்கத்துக்காரர். அவருடைய மகளுக்குப் பத்து வயது இருக்கும், மகனுக்கு எட்டு. ஏதோ ஒரு வீட்டில் கொடுத்த பழைய ஸ்கேட்ஸ் ஒரு ஜோடி அவர்களிடம் இருந்தது. தம்பி ஒரு சுற்று ஓடிவந்து உட்கார்ந்து கழற்றிக் கொடுப்பான். அக்கா வாரை ஒரு துளை தளர்த்திக் கட்டிக்கொண்டு ஒரு சுற்று போவாள். மறுபடி அவன் முறை. சண்டை கிடையாது, எண்ணிக்கையும் தவறாது. ஆனால் அவர்களுக்குக் கிடைப்பது வகுப்பு முடிந்த பிறகு, ஏழிலிருந்து ஏழரை வரை. ஏழரைக்கு விளக்கை அணைத்துவிடுவார்கள். அதுவரை கம்பி வேலிக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

ஆறாம் நாள் அந்தப் பிள்ளைகள் நாலேகாலுக்கே வந்துவிட்டார்கள். மைதானம் காலியாக இருந்தது. அக்கா ஒரு சுற்றுகூட முடிக்கவில்லை. என் பேரனும் வகுப்புத் தோழர்கள் இருவரும் வந்தார்கள். என் பேரன்தான் சொன்னான்: "இது கிளாஸ் டைம். வெளியே போங்க." சுத்தமான தமிழில் சொன்னான். அந்தப் பெண் மறுபேச்சுப் பேசவில்லை. ஒரு காலில் ஸ்கேட்டும் மறுகாலில் செருப்புமாக, தம்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வெளியே போனாள்.

பெஞ்சில் உட்கார்ந்திருந்த என்னை அவன் பார்க்கவில்லை. நானும் எழுந்து போய்க் கேட்கவில்லை. நான் கையெழுத்தால் செய்ததைத்தான் அவன் வாயால் செய்திருக்கிறான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவனை நான் கேட்கவில்லை. அந்தப் பெண்ணை அவன் கேட்கவில்லை.

இரவு அவனிடம் பேசினேன். "மாஸ்டர் அப்படித்தான் சொல்லச் சொல்வாரு தாத்தா. அவங்க ஃபீஸ் கட்டலையே" என்றான். "நாம ஃபீஸ் கட்டறது மாஸ்டர் சொல்லிக் கொடுக்கறதுக்கு. தரைக்கு யாரும் கட்டலையேப்பா" என்றேன். யோசித்துவிட்டு, "அப்போ நீங்க போட்ட கையெழுத்து?" என்று திருப்பிக் கேட்டான். நியாயமான கேள்வி.

எனக்கும் நான்கு சக்கரம் இருந்தது

இளைஞர்களுக்குத் தெரியாத ஒரு செய்தி சொல்கிறேன். பணிக்காலத்தில் நானும் ஒரு ஸ்கேட்போர்டு வைத்திருந்தேன். ரயில்வேயில் அதற்குப் பெயர் புஷ் டிராலி. நான்கு இரும்புச் சக்கரம், மேலே ஒரு பலகை, உட்கார ஒரு பெஞ்சு. டிராலிக்காரர்கள் தண்டவாளத்தின் மீதே வெறுங்காலோடு ஓடித் தள்ளிவிட்டு, வேகம் பிடித்ததும் பின்னால் தாவி ஏறிக்கொள்வார்கள். பையன்கள் ஒரு காலால் தரையை உந்திவிட்டுப் பலகையில் ஏறுவதைப் பார்க்கும்போது எனக்கு அவர்கள் நினைவுதான் வரும்.

அதே தண்டவாளத்தில்தான் எக்ஸ்பிரஸும் வரும், கூட்ஸும் வரும். இத்தனைக்கும் விபத்தில்லாமல் வேலை நடந்தது என்றால் காரணம், யாருக்கு எப்போது வழி என்பது முன்கூட்டியே தெரிந்திருந்ததுதான். ரயில் சத்தம் கேட்டால் டிராலியைத் தூக்கி ஓரத்தில் வைக்க வேண்டும். பார்வை மறைக்கும் வளைவில் சிவப்புக் கொடியோடு ஆள் முன்னே நடக்க வேண்டும். ஒற்றைப் பாதையில் இன்னும் கண்டிப்பு. இரண்டு நிலையங்களுக்கு நடுவே ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான். அதற்கு அடையாளமாக டிரைவர் கையில் டோக்கன் இருக்கும். எவ்வளவு பெரிய எக்ஸ்பிரஸாக இருந்தாலும், டோக்கன் கைக்கு வராமல் நிலையத்தை விட்டு நகர முடியாது. இதை யாரும் அவமானமாக நினைத்ததில்லை.

ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. ரயில் பாதையில் சிறியது பெரியதற்கு வழி விடுகிறது. ஏனென்றால் ஓடும் ரயிலை நினைத்த இடத்தில் நிறுத்த முடியாது. பிரேக் போட்டாலும் பல நூறு மீட்டர் போய்த்தான் நிற்கும். விளையாட்டு மைதானத்திலோ நிறுத்தத் தெரிந்தவன் பெரிய பையன். நிறுத்தத் தெரியாதது சின்னக் குழந்தை. ஆகவே அங்கே பெரியவன்தான் சிறியவனுக்கு வழி விட வேண்டும். வேகம் இரண்டு மடங்கானால் மோதலின் சக்தி நான்கு மடங்காகும் என்பது பாலிடெக்னிக்கில் நாங்கள் படித்த பாடம். பதினாறு வயதுப் பையன் வேகத்தைப் பாதியாகக் குறைத்துக்கொண்டால், அவனுக்குப் போவது அரை நிமிடச் சந்தோஷம். குறைக்காவிட்டால் எதிரே இருக்கும் ஐந்து வயதுக் குழந்தைக்குப் போவது என்ன என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

இந்த விளையாட்டின் வழக்கம்

ஸ்கேட்போர்டு என்றால் காலித்தனம் என்று எங்கள் நடைக்குழுவில் சிலர் நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். கொஞ்சம் விசாரித்துப் பார்த்ததில் வேறு கதை தெரிந்தது.

1950-களில் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில், கடலில் அலை இல்லாத நாட்களில் அலைச்சறுக்கு இளைஞர்கள் பலகைக்குச் சக்கரம் பூட்டித் தெருவில் ஓட்டிய விளையாட்டு இது. முதலில் இரும்புச் சக்கரமும் களிமண் கலவைச் சக்கரமும்தான். ஒரு சிறு கல் குறுக்கே வந்தால் ஆள் காலி. 1970-களில் பாலியூரித்தேன் சக்கரம் வந்த பிறகு தரையைப் பிடித்துக்கொண்டு ஓட ஆரம்பித்தது. அதே காலத்தில் அங்கே கடும் வறட்சி. தண்ணீர் இல்லாமல் கிடந்த நீச்சல் குளங்களின் வளைந்த சுவர்களில் பையன்கள் ஏறி இறங்கினார்கள். இன்று பூங்காக்களில் கட்டப்படும் கிண்ணம் போன்ற பள்ளங்கள் அந்தக் குளங்களின் நினைவாக வந்தவைதான்.

இடம் கொடுக்க யாரும் இல்லாததால் பல ஊர்களில் பிள்ளைகள் தாமே இடம் உண்டாக்கிக்கொண்டார்கள். அமெரிக்காவின் போர்ட்லேண்டில் 1990-இல் பர்ன்சைடு பாலத்தின் அடியில் அனுமதி கேட்காமலே கான்கிரீட் பூசினார்கள். பிறகு நகராட்சி அதை ஏற்றுக்கொண்டது. லண்டனில் தேம்ஸ் கரையில் ஒரு கலையரங்கத்தின் கீழ்த்தளத்தை 1970-களிலிருந்து ஸ்கேட் செய்பவர்கள் பயன்படுத்தி வந்தார்கள். 2013-இல் அங்கே கடைகள் கட்டத் திட்டம் வந்தபோது, அவர்கள் ஆயிரக்கணக்கான மக்களிடம் ஆதரவு திரட்டினார்கள். 2014-இல் அந்த இடம் அவர்களுக்கே என்று உடன்பாடு ஏற்பட்டது. நம் பெங்களூரிலும் 2013-இல் ஹோலிஸ்டோக்ட் என்ற குழுவின் இளைஞர்களும் வெளிநாட்டிலிருந்து வந்தவர்களும் சேர்ந்து, லீவைஸ் நிறுவனத்தின் உதவியோடு, தங்கள் கையாலேயே சிமெண்ட் குழைத்து, கட்டணம் இல்லாத ஒரு ஸ்கேட் பூங்காவைக் கட்டினார்கள். கலவை போட்டுப் பழகிய எனக்கு, வளைவான சுவருக்குக் கான்கிரீட் பூசுவது எவ்வளவு சிரமம் என்று தெரியும்.

இப்படிப்பட்ட இடங்களில் எழுதாத சட்டங்கள் உண்டு. ஒருவர் இறங்கி ஓடி முடிக்கும் வரை அடுத்தவர் விளிம்பில் காத்திருக்க வேண்டும். முறை வராமல் குறுக்கே புகுவதைப் பாம்பு போல நுழைவது என்று சொல்லிக் கேவலமாகப் பார்ப்பார்கள். விழுந்தவர் எழுந்து நகரும் வரை யாரும் இறங்கக் கூடாது. ஓட்டும் பாதையில் உட்கார்ந்து அரட்டை அடிக்கக் கூடாது. பலகை நழுவினால் "போர்டு!" என்று உரக்கக் கத்தி எச்சரிக்க வேண்டும். எங்கள் பெரியவரை அடித்த பையன் அந்த ஒரு சொல்லைக் கத்தியிருந்தால் அவர் ஒதுங்கியிருக்கக்கூடும். ஆக, குற்றம் விளையாட்டில் இல்லை. அதன் வழக்கத்தை நம் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் ஸ்கேட்போர்டு முதன்முறையாகச் சேர்க்கப்பட்டது. பெண்கள் பார்க் பிரிவில், தங்கம் வெல்வார் என்று எல்லாரும் எதிர்பார்த்த ஜப்பானின் மிசுகு ஒகாமோட்டோ, பதினைந்து வயதுப் பெண், கடைசிச் சுற்றில் பெரிய வித்தை ஒன்றை முயன்று விழுந்தார். நான்காவது இடம்தான். அழுதுகொண்டிருந்த அவரிடம் போட்டியாளர்கள் ஓடிவந்து, தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார்கள். தோற்றவரைத் தோளில் சுமந்ததை நான் வேறு எந்த விளையாட்டிலும் பார்த்ததில்லை. அந்த வீடியோவைப் பேரன் எனக்குக் காட்டியபோது, "இது உங்கள் மைதானத்தில் நடக்குமா?" என்று கேட்டேன். சிரித்து மழுப்பிவிட்டான்.

நம் நாட்டிலும் நல்ல உதாரணங்கள் உண்டு. மத்தியப் பிரதேசத்தில் பன்னா மாவட்டத்தின் ஜன்வார் கிராமத்தில், உல்ரிக்கே ரைன்ஹார்ட் என்ற ஜெர்மானியப் பெண்மணி 2015-இல் ஒரு ஸ்கேட் பூங்கா கட்டினார். ஆதிவாசிகளும் யாதவர்களும் தனித்தனியே வாழ்ந்த ஊர். அங்கே இரண்டே விதிகள்: பள்ளிக்குப் போகாதவருக்கு ஸ்கேட்டிங் இல்லை, பெண் பிள்ளைகளுக்கு முதல் இடம். அந்த ஊர் ஆதிவாசிப் பெண் ஆஷா கோண்ட் 2018-இல் சீனாவில் நடந்த உலகப் போட்டி வரை போனார். நம் மாமல்லபுரத்துச் சிறுமி கமலி ஸ்கேட்போர்டு விட்ட கதை ஆவணப்படமாகி, 2020-இல் இங்கிலாந்தின் பாஃப்டா விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. சக்கரக் காலணிப் பந்தயத்தில் தமிழ்நாட்டின் ஆனந்த்குமார் வேல்குமார் 2025 செப்டம்பரில் சீனாவில் நடந்த உலகப் போட்டியில் 1000 மீட்டர் ஸ்பிரிண்டில் தங்கம் வென்றார். நம் இஸ்திரித் தம்பியின் மகளுக்கும் இப்படி ஒரு நாள் வராது என்று யார் சொல்ல முடியும்? வேலிக்கு வெளியே நின்றுகொண்டிருந்தால் நிச்சயம் வராது.

சட்டம் என்ன சொல்கிறது?

கர்நாடகத்தில் பூங்காக்கள், விளையாட்டு மைதானங்கள், திறந்த வெளிகளைக் காப்பதற்கென்றே 1985-இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. அதைவிட முக்கியமாக ஒரு வழக்கு. பெங்களூர் ராஜ்மகால் விலாஸ் விரிவாக்கப் பகுதியில் பூங்காவுக்கென்று ஒதுக்கிய இடம் தனியார் மருத்துவமனை கட்டக் கொடுக்கப்பட்டது. அந்தப் பகுதிவாசிகள் நீதிமன்றம் போனார்கள். 1991-இல் உச்ச நீதிமன்றம் அந்த ஒதுக்கீடு செல்லாது என்று தீர்ப்பளித்தது. மருத்துவமனை நல்ல காரியம்தான். ஆனாலும் பொதுமக்களுக்கென்று விட்ட திறந்த இடத்தை ஒரு தரப்புக்குத் தூக்கிக் கொடுக்க முடியாது என்பது அதன் சாரம்.

மருத்துவமனைக்கே இல்லை என்றால், ஒரு பயிற்சி வகுப்புக்கு எப்படி உண்டு? கூம்பு வைத்துவிட்டால் பட்டா ஆகிவிடுமா? அதே நியாயம் எங்கள் நடைக்குழுவுக்கும் பொருந்தும். பன்னிரண்டு பேர் கையெழுத்துப் போட்டு, நூறு பிள்ளைகளின் மைதானத்தை யோகா மேடையாக்கச் சொன்னதும் ஆக்கிரமிப்புத்தான். வயதானவர்கள் செய்தால் பெயர் மாறிவிடாது.

நமக்கு இதில் என்ன?

பிள்ளைகள் விஷயத்தைத் தமிழ்ச் சங்க இதழில் ஏன் எழுத வேண்டும் என்று சிலர் கேட்கலாம். பிழைக்க வந்த இடத்தில் இடம் பகிர்ந்துகொள்வது என்றால் என்ன என்று நம்மைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் யார்? அல்சூரில் 1991-இல் வைத்த திருவள்ளுவர் சிலை பதினெட்டு ஆண்டுகள் மூடியே கிடந்ததை நாம் பார்த்தோம். 2009 ஆகஸ்ட் 9 அன்று இரு மாநில முதலமைச்சர்களும் சேர்ந்து நிற்க அது திறக்கப்பட்டது. நான்கு நாள் கழித்துச் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவி சர்வக்ஞரின் சிலை திறக்கப்பட்டது. இங்கே ஓர் இடம் கேட்டபோது அங்கே ஓர் இடம் கொடுத்தோம். அப்போதுதான் இருவருக்கும் மனம் நிறைந்தது. அந்த வள்ளுவர் 'ஒப்புரவறிதல்' என்று ஓர் அதிகாரமே வைத்து, அதில் ஊருக்கெல்லாம் பொதுவான குளத்தை உவமை காட்டினார். அவர் காலத்தில் ஊருணி. நம் காலத்தில் பூங்கா.

நம் வீடுகளில் ஒரு பழக்கம் இருக்கிறது. வெளியில் நம் பிள்ளை யாரையாவது இடித்துவிட்டால், "ஏன் குறுக்கே வந்தாய்?" என்று இடிபட்டவனைக் கேட்கிறோம். வகுப்புக்குப் பணம் கட்டியாகிவிட்டது, முழு நேரமும் முழு இடமும் நம் பிள்ளைக்கே வேண்டும் என்று மாஸ்டரை நெருக்குகிறோம். இன்னொன்றும் சொல்கிறேன், கோபிக்கக் கூடாது. கன்னடக்காரர் நம்மை வெளியாள் என்றால் நமக்கு வலிக்கிறது. நம் ஊரிலிருந்து வந்த இஸ்திரிக்காரர் பிள்ளையை நாமே வெளியே போ என்கிறோம். அந்தப் பெண்ணுக்கு அன்று புரியாத பாஷையில் யாரும் பேசவில்லை.

பெங்களூர் நமக்குக் கற்றுக்கொடுத்த ஒரு வாசகம் உண்டு. நெரிசலான பஸ்ஸில் மூன்று பேர் சீட்டில் நான்காவதாக உட்கார வருபவர் சொல்வார்: "ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி." முதலில் வந்தபோது எனக்கு இது எரிச்சலாக இருந்தது. பிறகுதான் புரிந்தது, நான் அந்த பஸ்ஸில் ஏறியபோது யாரோ எனக்காக நகர்ந்து உட்கார்ந்திருக்கிறார் என்று.

பிறகு என்ன நடந்தது?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நடைக்குழுவில் என் கையெழுத்தை அடித்துவிடச் சொன்னேன். நல்ல வாக்குவாதம் நடந்தது. மாவுக்கட்டுப் போட்ட பெரியவர் கேட்டார்: "உங்க பேரன் விளையாடணும், சரி. என் கைக்கு யார் சார் பதில் சொல்றது?" இதற்கு என்னிடம் உடனடிப் பதில் இல்லை. இப்போதும் முழுப் பதில் இல்லை. அவர் வலி உண்மை. அதை மறந்துவிட்டு இளைஞர்களுக்கு வக்காலத்து வாங்குவது நேர்மையாகாது.

ஆனால் இரண்டு காரியங்கள் செய்ய முடிந்தது. ஸ்கேட்போர்டு பையன்களிடம் நானும் பேரனும் போய்ப் பேசினோம். போலீசுக்குப் போக மாட்டோம் என்று சொன்ன பிறகு, அந்தப் பையன் அம்மாவோடு பெரியவர் வீட்டுக்கு வந்தான். தலை குனிந்து நின்று மன்னிப்புக் கேட்டான். பெரியவர் சொன்னது எனக்கு மறக்காது: "விழுந்ததுகூடப் பரவாயில்லப்பா. நீ நின்னு ஒரு கை கொடுத்துத் தூக்காம ஓடினே பாரு, அதுதான் வலிச்சது."

இரண்டாவது, ஒரு கால அட்டவணை. ரயில்வேக்காரன் வேறென்ன செய்வான்? நாலு மணி முதல் நாலரை வரை சிறுசுகளுக்கும் புதிதாகக் கற்பவர்களுக்கும். அதன் பிறகு வகுப்புக்குப் பாதி மைதானம்தான். கூம்புகள் நடுக்கோட்டைத் தாண்டக் கூடாது. மறுபாதி யார் வந்தாலும் அவர்களுக்கு. சரிவு மேடையில் ஒரு நேரத்தில் ஒருவர். ஏழிலிருந்து ஏழரை வரை பெரிய பையன்கள் வேகமாக ஓட்டலாம். நடைக்குழுவினர் அப்போது அந்தத் திருப்பத்துக்குப் போகாமல் சுற்றி வருவார்கள். எல்லா நேரத்திலும் ஹெல்மெட் கட்டாயம்.

எல்லாம் சுபமாக முடிந்தது என்று சொல்ல மாட்டேன். மாஸ்டர் வாரத்தில் மூன்று நாளைக்குத்தான் ஒப்புக்கொண்டிருக்கிறார். இரண்டு பெற்றோர்கள் பிள்ளைகளை வேறு வகுப்புக்கு மாற்றிவிட்டார்கள். சரிவு மேடைக்கும் நடைபாதைக்கும் நடுவே, நழுவிய பலகை வெளியே பாயாதபடி ஒரு அடி உயரத் தடுப்புச் சுவர் கேட்டு எழுதியிருக்கிறோம். இன்னும் பதில் இல்லை. பழைய மனு ஒன்பது கையெழுத்தோடு ஒருவர் பையில் இன்னும் இருக்கிறது.

போன வாரம் நான் நடந்துகொண்டிருந்தபோது, இஸ்திரித் தம்பியின் மகள் காலியான பாதியில் சுற்றிக்கொண்டிருந்தாள். என் பேரன் வேலியோரம் அவள் தம்பியின் காலடியில் உட்கார்ந்து, தன் பழைய ஸ்கேட்ஸை அவனுக்குப் போட்டு வாரை இறுக்கிக்கொண்டிருந்தான். நான் ஒன்றும் கேட்கவில்லை. அவனும் ஒன்றும் சொல்லவில்லை.

வாசகர்களுக்கு என் வேண்டுகோள் இவ்வளவுதான். உங்கள் பகுதியிலும் ஒரு மைதானம் இருக்கும். ஸ்கேட்டிங்கோ, கிரிக்கெட்டோ, ஷட்டிலோ, எதுவாகவும் இருக்கட்டும். ஒரு மாலை அங்கே போய் அரை மணி நேரம் உட்காருங்கள். உள்ளே விளையாடுபவர்களைப் பார்ப்பதோடு நிறுத்தாமல், வேலிக்கு வெளியே நிற்பவர்கள் யார் என்றும் பாருங்கள். பிறகு வீட்டுக்கு வந்து உங்கள் பிள்ளையிடம் பேசுங்கள். முறை வந்தால் ஓடு, வராவிட்டால் நில், விழுந்தவனைத் தூக்கு என்று சொல்லிக் கொடுங்கள். அதற்கு முன், நாம் ஏதாவது காகிதத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறோமா என்றும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.